நூற்றுமுப்பத்துமூன்றுக்குக் கீழே

தேவகுமார் சார் வீட்டுக்குப் போகிற செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும். குன்னத்துகால் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். பெயர் ஜின்சி. மற்ற வீடுகளில் படியேறியதும் நோயாளியைப் பற்றிச் சொல்வார்கள்: புண் ஆறுகிறதா, வயிற்றிலிருந்து போனதா, தூங்கினாரா. இந்த வீட்டில் மட்டும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கம்ப்யூட்டர் பேச்சு தொடங்கிவிடும்.

சாருக்கு வயது அறுபத்தொன்று. தொண்ணூற்றாறில் சந்திப்பில், மருந்துக்கடையின் மேல்மாடியில், கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரிடம் டைப்பிங் படித்தார்கள். எல்லாம் ஃபோனுக்குள் வந்தபிறகு சென்டரை மூடிவிட்டு, ஒரே ஒரு மெஷினை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தார். மனிதருக்கு வேகப் பைத்தியம். ஸ்கூட்டரில் போனால் நடந்து போகிறவன் முந்திவிடுவான், அது வேறு விஷயம், பைத்தியமெல்லாம் கம்ப்யூட்டரில்தான். நூற்றுமுப்பத்துமூன்று மெகாஹெர்ட்ஸ் என்று கம்பெனி எழுதி அனுப்பிய பிராசசரை சென்டரில் அவர் அந்த வேகத்தில் ஓட விட்டதே இல்லை. மதர்போர்டில் ஜம்பர் என்று அரிசி அளவில் ஒரு கறுப்பு மூடி இருக்கிறது. அதைப் பிடுங்கி வேறு ஊசியில் குத்தினால் அதே பிராசசர் நூற்றறுபத்தாறில் ஓடும். சூடாகும். சூட்டுக்கு இன்னொரு ஃபேன் வைப்பார்.

"கம்பெனிக்காரன் பயந்து எழுதின நம்பராக்கும் அது" என்பார். "அதுக்க பெலம் அதுக்கே தெரியாது."

அவர் மனைவி ஆனந்தபாய் டீச்சருக்கும் வேகம் உண்டு, நாக்கில். மிஷன் சபையில் முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். அவரிடம் திட்டு வாங்காத பிள்ளையும் இல்லை, போதகரும் இல்லை. பிறந்தது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் என்பதால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்; மலையாளம் பேசுவார், எழுத்து தெரியாது. சார் இந்தப் பக்கம், மலையாளப் பள்ளிக்கூடம். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் தமிழைப் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவார். எங்கள் ஊரில் இப்படி வீட்டுக்கு வீடு உண்டு. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் டீச்சரின் பேச்சு குழறத் தொடங்கியது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள், அதுதான் இன்னும் மோசம். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு நோய் என்றார்கள். நாக்கில் தொடங்கிவிட்டது, இனி கை, கால், கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். டாக்டர் இதைச் சொல்லும்போது துணைக்குப் போன நானும் கூட இருந்தேன். மருந்து உண்டா என்று சார் கேட்டார். குணமாக்க மருந்தில்லை, கொஞ்சம் மெதுவாக்கலாம் என்றார் டாக்டர். சார் தலையாட்டினார். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆறு மாதம் டீச்சர் நோட்டில் எழுதிக் காட்டினார். பிறகு பேனா விரலில் நிற்கவில்லை. வலது கைப் பெருவிரல் மட்டும் பிடிவாதமாக வேலை செய்தது. டீச்சரின் மற்ற குணத்தையெல்லாம் அந்த விரல் ஒன்றே சுமந்தது என்று எனக்குத் தோன்றும். நான் ஒரு டேப்லெட் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண் பார்வையைப் பிடித்து எழுதும் என்றார்கள். டீச்சரின் தடித்த கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பட்டு அது ஒன்றையும் பிடிக்கவில்லை. எழுத்து அட்டையைக் காட்டி, சரியான எழுத்து வரும்போது கண்ணை மூடச் சொன்னேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் அட்டையை மடித்து பைக்குள் வைத்துவிட்டேன். தன் வாயிலிருந்து வார்த்தையை இன்னொருவர் பிடுங்குவது அவருக்குப் பிடிக்காது.

அப்போதுதான் சாருக்கு அந்தப் பழைய புரோகிராம் ஞாபகம் வந்தது. சென்டரில் படித்த நிஜின் என்ற பையன் எப்போதோ ஞாயிறு பள்ளிக்காக எழுதிக் கொடுத்தது. திரையில் மேல்வரிசையில் உயிரெழுத்து, கீழ்வரிசையில் மெய்யெழுத்து. ஒரு வெளிச்சக் கட்டம் அ, ஆ, இ என்று ஒவ்வொன்றாக நகர்ந்துபோகும். வேண்டிய எழுத்தில் அது நிற்கும்போது பட்டனை அழுத்தினால் அந்த எழுத்து கீழே விழும். மெய்யும் உயிரும் அடுத்தடுத்து விழுந்தால் தானே கூடிக்கொள்ளும். தவறவிட்டால் முழுச் சுற்றும் காத்திருக்க வேண்டும். சார் காலிங் பெல் ஸ்விட்ச் ஒன்றை கீபோர்டோடு இணைத்து, டீச்சரின் உள்ளங்கையில் துணியால் கட்டினார். பெருவிரல் அதன்மேல் உட்கார்ந்தது.

அன்று டீச்சர் எழுதிய முதல் வாக்கியம்: "இது என்ன சவ ஊர்வலமா."

கட்டம் அவ்வளவு மெதுவாக நகர்ந்தது. புரோகிராமில் வேகத்தை மாற்ற வழியே இல்லை. பையன் எழுதிய விதம் அப்படி என்றார் சார். ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போகும் முன் கம்ப்யூட்டர் சும்மா எண்ணிக்கொண்டிருக்கும். பிராசசர் வேகமாக எண்ணினால் கட்டம் வேகமாக நகரும், அவ்வளவுதான். நிஜின் எங்கோ கப்பலில் வேலைக்குப் போய் வருடங்கள் ஆகின்றன, அவன் எழுதிய மூலம் இருந்த பிளாப்பி பூசணம் பிடித்துவிட்டது. புதிய லேப்டாப்பில் போட்டால் தமிழுக்குப் பதில் புள்ளிகள்தான் வந்தன. எழுத்துகள் இருப்பது புரோகிராமில் இல்லையாம், பழைய கம்ப்யூட்டரில் மட்டும் செருக முடிகிற ஒரு தனி அட்டையில். ஆகவே டீச்சர் வேகமாகப் பேசவேண்டுமென்றால் பிராசசரை வேகமாக ஓட்டவேண்டும். இதைச் சொன்னபோது சார் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. முப்பது வருடமாக வீட்டில் திட்டு வாங்கித் தந்த கிறுக்குத்தனம் கடைசியில் வீட்டுக்கு உதவப்போகிறது அல்லவா.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பழைய இடத்துக்கே இறக்கி வைத்திருந்த ஜம்பரை மாற்றி நூற்றறுபத்தாறு ஆக்கினார். டீச்சர் அதையும் பிடித்துவிட்டார். இருநூறு ஆக்கினார். மெஷின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றது. அப்போது நெய்யாற்றின்கரையில் சதாசிவனின் ஆக்கர்க் கடையில், பழைய சாமான் குவியலில், இருநூற்றுமுப்பத்துமூன்று பிராசசர் ஒன்று கிடைத்தது. அதைப் பொருத்திய அன்று நான் போயிருந்தேன். சார் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார்.

"வோல்டேஜ் ஜம்பர் தப்பிப் போனா பொசுங்கிப் போவும் சிஸ்டரே. மூச்சு விடாதீங்க."

நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். டீச்சரின் அக்கா சுகிர்தபாய், தங்கையைக் கவனிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர், அடுப்படி வாசலில் நின்று ஜெபம் செய்தார். பிராசசர் பொசுங்கவில்லை. இரண்டு நாளில் அதையும் மேலே தள்ளி இருநூற்றறுபத்திரண்டில் நிறுத்தினார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேஜை ஃபேனை நேராக உள்ளே திருப்பி வைத்தார். கட்டம் ஓடியது. டீச்சரின் விரலும் கூடவே ஓடியது.

அந்த இரண்டு மாதம் அந்த வீட்டில் பேச்சு இருந்தது. டீச்சர் எழுதித் தள்ளினார். சாரால் அந்த வேகத்துக்குத் தமிழ் படிக்க முடியவில்லை. பாதி வாக்கியம் கூட்டுவதற்குள் திரை நிறைந்துவிடும். அக்காவின் கண்ணுக்குத் திரை எழுத்து பிடிபடாது. படிக்காததையெல்லாம் சேமித்து வைத்துவிட்டு, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த நான் வருவதற்குக் காத்திருப்பார். செவ்வாய்க்கிழமை போனால் சனிக்கிழமைத் திட்டிலிருந்து நான் உரக்கப் படிக்க வேண்டும்.

"'மீன் குழம்புக்குப் புளி கூட. அக்காவுக்கு வயசு ஆச்சு, நாக்கு செத்துப் போச்சு. எனக்கு ருசி தெரியாது என்று நினைக்க வேண்டாம், மணம் தெரியும்.'"

"எட்டி, குழலிலே குடிக்கிறவளுக்கு எனக்க குழம்பா குத்தம்?" என்று சுகிர்தபாய் அம்மா உள்ளே இருந்து கத்துவார்.

"'இந்த மனுஷன் சட்டையை மூன்று நாளாக மாற்றவில்லை. ஜின்சி, நீ சொல்லு.'"

சார் சட்டையை முகர்ந்து பார்த்துச் சிரிப்பார். டீச்சரால் சிரிக்க முடியாது, கண் மட்டும் மின்னும். என்னுடைய மற்ற வீடுகளுக்கு நேரமாகிவிடும். இருந்தாலும் படித்து முடிக்காமல் எழுந்ததில்லை. எனக்கு எரிச்சல் போய் எத்தனையோ நாளாகியிருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை படிக்க ஒன்றும் இல்லை. திரை நிறைய எழுத்து இருந்தது, ஒன்றும் வார்த்தையாகவில்லை. க்ங்ச், ட்ண், ஒஓ, ம்ய். சார் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சூடு கூடிப் போச்சு சிஸ்டரே. எண்ணுறது தப்புது. கொஞ்சம் இறக்கினா சரியாவும்."

நான் டீச்சரின் கையைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலின் அடியில் இருக்கும் சதை போன வாரம் இருந்த அளவு இல்லை, குழி விழத் தொடங்கியிருந்தது. தோலுக்கடியில் நரம்பு துடித்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் தெரிந்திருந்தது. நான் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, "ஆமா சார், இறக்கிப் பாருங்க" என்றேன்.

இருநூற்றுமுப்பத்துமூன்று. இரண்டு வாரம் வார்த்தை வந்தது. இருநூறு. பத்து நாள். நூற்றறுபத்தாறு. நான் போகும்போதெல்லாம் ஜம்பர் ஒரு படி கீழே இருந்தது. மேலே ஏற்றுவதற்கு வாழ்நாள் முழுக்கப் படித்த வித்தையை அந்த மனிதர் ஒரு படி, ஒரு படியாகத் திருப்பி இறக்கிக்கொண்டிருந்தார். நூற்றுமுப்பத்துமூன்றுக்கு வந்த அன்று, "பழைய பிராசசருக்குக் கம்பெனிக்காரன் சொன்ன இடத்துக்கே வந்தாச்சு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

என்னை வாசல்வரை வழியனுப்ப வந்தவர் அன்று ஒன்று கேட்டார்.

"சிஸ்டரே, விரல் இனி எவ்வளவு மெதுவாவும்? மாசத்துக்கு இத்தனைன்னு ஒரு கணக்கு சொன்னா, நான் அதுக்கு முன்னாலே ஜம்பரை வச்சிருவேன். அவ தப்பு விட்டு வெப்ராளப்பட்டுத் தவிக்காண்டாம் இல்லியா?"

"ஆளுக்கு ஆள் மாறும் சார்" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. உண்மை என்னவென்றால் நான் பயந்தேன். அவர் கையிலிருந்து அந்த ஜம்பரையும் பிடுங்கிக்கொண்டால் அவருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

கடைசி ஜம்பர் நூறு. அதற்குக் கீழே அந்த மதர்போர்டில் வழி இல்லை. நூறிலும் டீச்சர் தவறவிட்டார். பிராசசருக்குள் இருக்கும் கேஷ் என்ற எதையோ அணைத்தால் மெதுவாகும் என்று அணைத்தார். அது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்குப் போக அரை நிமிடம். டீச்சர் வேண்டிய எழுத்து வருவதற்குள் தூங்கிப்போனார். இன்டர்நெட்டில் தேடி, மெதுவாக்கும் புரோகிராம் ஒன்றைப் போட்டார். அதைப் போட்டால் எழுத்துப் புரோகிராம் ஸ்விட்சைக் கவனிக்கவில்லை. ஒன்று அதிக வேகம், இல்லையென்றால் நின்றேபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும், அது அவரிடம் இல்லை.

அதற்காக அவர் அலைந்த அலைச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. பாறசாலை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று கடை கடையாகப் போய், "இதைவிட மெதுவா ஓடுற கம்ப்யூட்டர் உண்டா?" என்று கேட்டார். எல்லோரும் கேலி செய்வதாக நினைத்தார்கள். சதாசிவன் மட்டும் கொஞ்சம் யோசித்திருக்கிறார்.

"சாறே, எல்லாரும் ஸ்பீடு போதாதுன்னு வாறான். நீங்க மட்டும் இப்பிடிக் கேட்டா நான் எங்க போவேன்? நல்ல புதுசு ஒண்ணு தாறேன், கொண்டு போங்க."

"புதுசு எனக்கு வேண்டாம் சதாசிவா. உள்ளதிலேயே மோசமானது தா."

மூன்று வாரம் கழித்து அம்பூரியில் பூட்டிக் கிடந்த ஒரு ரப்பர் கிட்டங்கியில் அப்படி ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. பென்டியத்துக்கும் முந்திய காலத்து மெஷின், முப்பத்துமூன்று மெகாஹெர்ட்ஸ். ரப்பர் ஷீட் நாற்றத்தோடு, உள்ளே பல்லி முட்டையோடு, மலையிறங்கி வரும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நான்கு நாள் துடைத்து, ஊதி, காய்ந்துபோன பேட்டரியை மாற்றி, தமிழ் அட்டையை இதில் செருகி, வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ஃபோன் செய்தார்.

"சிஸ்டரே, ஓடியாச்சு. கரெக்ட் வேகமாக்கும். நீங்க வரணும், அவ பேசப் போறா."

நான் போனபோது கட்டில் அருகே மேஜையை இழுத்துப் போட்டு, ஸ்டூலில் திரைக்கு நேராக உட்கார்ந்திருந்தார். டீச்சர் தலையணைகளில் சாய்ந்து, அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீச்சரின் முதுகுப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டினேன். சுகிர்தபாய் அம்மா பெருவிரலை ஸ்விட்சின்மேல் எடுத்து வைத்தார். இப்போது அதைக்கூட இன்னொருவர்தான் எடுத்து வைக்க வேண்டும்.

கட்டம் நகர்ந்தது. ஒரு எழுத்துக்கு மூன்று விநாடி. முதல் சுற்று வீணாயிற்று. இரண்டாவது சுற்றில் 'எ' விழுந்தது.

"விழுந்தாச்சு! அக்கா, பாருங்க, விழுந்தாச்சு!" சார் திரையைத் தொட்டுக் காட்டினார்.

'ன்' கடைசி எழுத்து. வரிசை முழுக்கக் கட்டம் ஊர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தது. அதுவும் விழுந்தது.

"என்ன? என்ன வேணும் பிள்ளே? தண்ணியா? அக்கா, தண்ணி குடுங்க."

குழலில் தண்ணீர் கொடுத்தார் அக்கா. விரலைத் திரும்ப எடுத்து வைத்தார். மறுபடி 'ன்', அடுத்த சுற்றில் 'ஐ'. கூடிக்கொண்டு நின்றது. என்னை.

"என்னைத் திருப்பிப் போடச் சொல்லுகா. முதுகு வலிக்குது போல. சிஸ்டரே, இந்தப் பக்கமாத் திருப்புங்க." அவர் கண் திரையிலேயே இருந்தது. விட்டால் எழுத்து அழிந்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் திருப்பினோம். டீச்சர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். அது வேண்டாம் என்பதற்கு அடையாளம். பழையபடி சாய்த்து வைத்தோம். 'ப்'. பிறகு 'ஆ'.

"பா... பாட்டா? பாட்டு போடணுமா?" சார் ஃபோனை எடுத்து ஞானப்பாட்டு ஒன்றைப் போட்டார்.

"நீ சும்மா இரு தேவகுமாரு" என்று சுகிர்தபாய் அம்மா அதட்டினார். "அவ முடிக்கட்டும்."

எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் அது டீச்சர் சொல்ல வேண்டிய வார்த்தை. 'ர்' ஒருமுறை தவறியது. இன்னொரு சுற்று. டீச்சரின் நெற்றியில் வேர்வை துளிர்த்ததை நான் துடைத்தேன். 'ர்' விழுந்தது. 'உ' விழுந்தது. கட்டம் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது.

"என்... னை... பா... ரு" என்று சார் கூட்டினார். இன்னொருமுறை கூட்டினார். "பாத்துட்டுத்தானே இருக்கேன் பிள்ளே. நீ அடுத்ததைச் சொல்லு."

கட்டம் இன்னொரு சுற்று முடித்தது, ஒன்றும் விழவில்லை. அப்போதுதான் அவர் ஸ்டூலில் திரும்பினார்.

குளிப்பாட்டுவது அக்கா. புண்ணுக்குக் கட்டுவது நான். ஜம்பர் இறங்கத் தொடங்கியதிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் எழுத்தையும் மெஷினையும்தான். பயந்துதான் அப்படி இருந்தார், எனக்குத் தெரியும். இப்போது பார்த்தார். கன்னத்து எலும்பு, கழுத்துக் குழி, நைட்டிக்குள் ஒன்றுமே இல்லாததுபோல் கிடந்த தோள். டீச்சரின் கண் அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை. திட்டும்போது இருக்கும் அதே கண்.

"இவ எப்பம் இப்பிடி ஆனா?" என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சிஸ்டரே, நீங்க வாரத்துக்கு ரெண்டு தடவை வாறியளே. எனக்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே?"

டீச்சரின் கை ஸ்விட்சிலிருந்து நழுவிப் போர்வையில் கிடந்தது. துணிக்கட்டை அவிழ்த்து, அந்தக் கையை எடுத்து அவர் கைக்குள் வைத்தேன்.